சுரூபமும் மேலெழுத்தும்: ரோமானிய வெண்கலக் காசுகள் பற்றி வாசகர் கேள்விகள்

ரோமானியப் பேரரசின் வெண்கலக் காசுகளைப் பற்றியும் அவற்றில் பொறிக்கப்பட்ட பேரரசர் உருவங்களைப் பற்றியும் கேள்விகள் அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களுள் ஆறு கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியுள்ளேன்.

கேள்வி: புத்தகங்களில் "ரோமானிய வெண்கலக் காசு" என்று படிக்கிறேன். ஆனால் அருங்காட்சியகத்தில் சில காசுகள் பித்தளை நிறத்திலும் சில செம்பு நிறத்திலும் இருக்கின்றன. எது சரி? அந்தக் காசைக் கொண்டு என்னதான் வாங்க முடிந்தது?
(ஆசிரியை, தஞ்சாவூர்)

உங்கள் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது. பொன்னும் வெள்ளியும் அல்லாத காசுகள் அனைத்தையும் "வெண்கலம்" என்று ஒரே பெயரால் அழைப்பது நாணய ஆய்வாளர்களின் வழக்கம். ரோமில் குடியரசு நடந்த காலத்தில் அது பெரும்பாலும் உண்மையான வெண்கலமாகவே, அதாவது செம்புடன் வெள்ளீயமும் காரீயமும் கலந்த உலோகமாகவே இருந்தது. அப்போது வழங்கிய "ஆஸ்" என்ற காசு, தொடக்கத்தில் கால் கிலோவுக்கும் மேற்பட்ட எடையுடன் அச்சில் வார்க்கப்பட்டது. அதன் ஒரு பக்கம் இரட்டை முகம் கொண்ட யானுஸ் தெய்வத்தின் தலையும் மறுபக்கம் கப்பலின் முன்பகுதியும் இருந்தன. நம் பிள்ளைகள் காசைச் சுண்டிவிட்டு "பூவா, தலையா" என்று கேட்பதைப் போல ரோமானியச் சிறுவர்கள் "தலையா, கப்பலா" என்று கேட்டார்கள் என்று மக்ரோபியஸ் என்ற பழைய எழுத்தாளர் குறித்திருக்கிறார். கப்பல் உருவம் காசிலிருந்து மறைந்து தலைமுறைகள் பல கடந்த பிறகும் அந்த விளையாட்டுச் சொல் மட்டும் மறையவில்லை.

நீங்கள் கண்ட நிற வேறுபாடு முதல் பேரரசர் அகஸ்டஸ் காலத்துச் சீர்திருத்தத்தால் வந்தது. கி.மு. 23ஆம் ஆண்டையொட்டி அவர் சிறு காசுகளை ஒழுங்குபடுத்தியபோது, "செஸ்டெர்டியஸ்", "துபொண்டியஸ்" ஆகிய இரண்டையும் செம்பும் துத்தநாகமும் சேர்ந்த பித்தளையிலும், "ஆஸ்", "குவாட்ரன்ஸ்" ஆகிய இரண்டையும் வெறும் செம்பிலும் அடிக்கச் செய்தார். செஸ்டெர்டியஸ் ஏறத்தாழ 25 கிராம் எடையுள்ள பெரிய வட்டக் காசு. 4 ஆஸ் ஒரு செஸ்டெர்டியஸ். 4 செஸ்டெர்டியஸ் ஒரு வெள்ளி டெனாரியஸ். 25 டெனாரியஸ் ஒரு பொற்காசு. புதிதாக அடித்த பித்தளைக் காசு பொன்போல மின்னியிருக்கும் என்பதை, இன்று களிம்பேறிக் கறுத்துக் கிடக்கும் காசைப் பார்க்கும்போது நினைத்துப் பார்ப்பதே கடினம்.

வாங்கும் ஆற்றலைப் பற்றிக் கேட்டீர்கள். எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பெயி நகரில், ஒரு மதுக்கடைச் சுவரில் எழுதிவைத்த விலைப்பட்டியல் கிடைத்துள்ளது. ஓர் ஆஸ் கொடுத்தால் குடிக்கலாம். இரண்டு கொடுத்தால் அதைவிட நல்லதைக் குடிக்கலாம். நான்கு கொடுத்தால் பலேர்னிய மதுவே குடிக்கலாம் என்கிறது அது. பொதுக் குளியலகத்துக்குக் கட்டணம் ஒரு குவாட்ரன்ஸ், அதாவது கால் ஆஸ். கி.பி. 14ஆம் ஆண்டில் கலகம் செய்த படைவீரர்கள், தங்கள் உயிருக்கும் உடலுக்கும் நாளொன்றுக்குப் பத்து ஆஸ்தான் மதிப்பா என்று முறையிட்டதாக ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதுகிறார். பொற்காசு செல்வர் பெட்டியில் கிடந்தது. குளிக்கவும் குடிக்கவும் காய்கறி வாங்கவும் எளியவர் கையில் நாள்தோறும் புரண்டவை இந்தச் செம்பும் பித்தளையுமே.

கேள்வி: அச்சு இயந்திரமோ ஒளிப்படமோ இல்லாத காலத்தில், பேரரசரின் முகச்சாயல் தொலைவான ஊர்களில் அடித்த காசுகளில்கூட எப்படிச் சரியாக வந்தது?
(கல்லூரி மாணவர், மதுரை)

உயிரோடிருக்கும் ரோமானியர் ஒருவரின் முகம் ரோம் நகர அக்கசாலையில் அடித்த காசில் ஏறியது கி.மு. 44இல்தான்; அந்த முகம் ஜூலியஸ் சீசருடையது. அதுவரை தெய்வங்களுக்கும் மறைந்த முன்னோர்க்கும் உரியதாக இருந்த இடம் அது. சீசர் அதே ஆண்டில் கொல்லப்பட்டாலும் அந்த வழக்கம் மட்டும் நிலைத்துவிட்டது. அகஸ்டஸுக்குப் பிறகு பேரரசர் முகம் இல்லாத காசு என்பது குவாட்ரன்ஸ் போன்ற மிகச் சிறியவற்றில்தான் வழக்கமாகக் காணப்பட்டது.

காசு அடிக்கும் முறை எளியது. ஆனால் கைத்திறன் மிகுதியாக வேண்டும். செதுக்குநர் உலோக அச்சில் முகத்தை இடவலம் மாற்றிக் குழிவாக வெட்டுவார். கீழ் அச்சு பட்டறைக் கல்லில் பதிந்திருக்கும். அதன்மேல் உலோகத் துண்டை வைத்து, மேல் அச்சைப் பிடித்துச் சம்மட்டியால் ஓங்கி அடிப்பார்கள். ஒவ்வொரு காசும் ஒரு கை அடித்த அடி என்பதால், ஒரே அச்சில் பிறந்த இரண்டு காசுகள்கூட முழுக்க ஒத்திருப்பதில்லை. முகத்துக்கு மாதிரி தலைநகரிலிருந்து சென்றது. புதியவர் பதவியேற்ற செய்தி மட்டும் வந்து மாதிரி வந்து சேராத நிலையில், தொலைவான அக்கசாலைகள் முந்தைய பேரரசரின் சாயலிலேயே புதியவரின் பெயரைப் போட்டு அடித்ததும் உண்டு.

சரியாக வந்த முகங்களோ வியக்கவைப்பவை. நீரோ பதினாறு வயதில் பதவிக்கு வந்து முப்பது வயதில் இறந்தவர். அவருடைய காசுகளை ஆண்டு வரிசையில் அடுக்கினால், மெலிந்த சிறுவன் ஒருவன் கழுத்தும் தாடையும் தடித்த மனிதராக மாறுவதைக் கண்ணால் காணலாம். அவருக்குப் பின் வந்த குழப்பத்தில் வென்ற வெஸ்பாசியன், வழுக்கைத் தலையையும் நெற்றிச் சுருக்கங்களையும் மறைக்காமல் காட்டச் செய்தார். நீரோவைப் போன்ற ஆடம்பரக்காரர் நானில்லை, வயல்வரப்பு மிதித்த கிழவன் நான் என்று அந்த முகமே சொல்லிவிடுகிறது. கி.பி. 117இல் பதவியேற்ற ஹேட்ரியன் தாடியுடன் தோன்றினார். அவருக்கு முன் மழித்த முகமே பேரரசருக்கு மரபு. என் மதிப்பீட்டில், உருவச் சிற்பக்கலையில் பொற்காசையும் வெள்ளிக் காசையும் விஞ்சி நிற்பது செஸ்டெர்டியஸ்தான். மூன்றரை சென்டிமீட்டர் அகலமுள்ள பரப்பு செதுக்குநருக்குக் கிடைத்ததால் கன்னத்துச் சதையும் காதோரத்து மயிரும்கூட அதில் இடம்பெற்றன.

தலையில் இருப்பதையும் கவனியுங்கள். செஸ்டெர்டியஸில் இலைமாலை இருக்கும். நீரோ காலத்திலிருந்து துபொண்டியஸில் கதிரவனைப் போலக் கூரிய கதிர்கள் கொண்ட முடி இடம்பெறலாயிற்று. துபொண்டியஸும் ஆஸும் ஏறத்தாழ ஒரே அளவு. நிறத்தால்தான் அவற்றைப் பிரித்தறிந்தார்கள். களிம்பு அந்த நிறத்தை மூடிவிட்ட பிறகு, இன்று நமக்கு உதவுவது அந்தக் கதிர்முடியே.

கேள்வி: பேரரசர் தலைக்குப் பின்புறம் உள்ள படங்களைச் சாதாரண மக்கள் புரிந்துகொண்டார்களா? பெரும்பாலோர் எழுத்தறிவு இல்லாதவர்கள் அல்லவா?
(வாசகர், புதுச்சேரி)

தமிழ் விவிலியத்தில் ஓரிடம் உண்டு. வரி கொடுக்கலாமா என்று கேட்டவர்களிடம் ஒரு காசைக் கொண்டுவரச் சொல்லி, "இந்தச் சுரூபமும் மேலெழுத்தும் யாருடையது?" என்று இயேசு கேட்கிறார். "இராயனுடையது" என்று அவர்கள் உடனே விடை சொல்கிறார்கள். அது வெள்ளி டெனாரியஸ்தான் என்றாலும், காசில் உள்ள முகத்தைத் தெருவில் நிற்பவரும் அறிந்திருந்தார் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. காசின் உருவத்தையும் அதைச் சுற்றிய எழுத்தையும் குறிக்க "சுரூபம்", "மேலெழுத்து" என்ற இந்த இரண்டு சொற்களையே நான் விரும்பிப் பயன்படுத்துகிறேன்.

பின்புறப் படங்கள் எழுத்தை நம்பி வரையப்பட்டவை அல்ல. கையில் வேலைக் கண்டால் முருகன் என்றும் வீணையைக் கண்டால் சரசுவதி என்றும் எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் சொல்லிவிடுவது போல, ரோமானியர் கையில் உள்ள பொருளைக் கொண்டு உருவத்தை அறிந்தார்கள். கப்பலின் சுக்கானைப் பிடித்தவள் நற்பேறு. பழமும் பூவும் வழியும் கொம்பை ஏந்தியவள் வளம். ஒலிவக் கிளையை நீட்டுபவள் அமைதி. கலிகுலா தம் ஆட்சியின் தொடக்கத்தில் அடித்த செஸ்டெர்டியஸ் ஒன்றில் மூன்று தங்கைமாரும் வரிசையாக நிற்கிறார்கள். அக்ரிப்பினா பாதுகாப்பாகவும், துருசில்லா ஒற்றுமையாகவும், ஜூலியா நற்பேறாகவும் அந்தந்த அடையாளத்துடன் காட்டப்பட்டிருக்கிறார்கள். உயிருள்ள பெண்களை இவ்வாறு பெயர் எழுதித் தெய்வக்கோலத்தில் காசில் நிறுத்தியது அதுவரை காணாத துணிச்சல்.

ஒரு காசை நெருங்கிப் பார்ப்போம். கி.பி. 60களின் நடுவில் நீரோ அடித்த செஸ்டெர்டியஸ் அது. பின்புறத்தில் மனிதரும் இல்லை, தெய்வமும் இல்லை. ஒரு கட்டடம் மட்டுமே இருக்கிறது. கல்லைக் கல்லாக அடுக்கிய சுவர், அதன் மேற்பகுதியில் கம்பி பின்னிய சாளரம், ஒரு புறத்தில் இரட்டைக் கதவு, கதவின் மேல் தொங்கும் மாலை. அந்தக் கதவு சாத்தியிருக்கிறது என்பதுதான் செய்தி. ரோமில் யானுஸ் கோவிலின் கதவு போர்க்காலத்தில் திறந்தே இருக்கும். எங்கும் போர் ஓய்ந்தால்தான் அடைப்பார்கள். "நிலத்திலும் கடலிலும் ரோமானிய மக்களுக்கு அமைதியை ஈட்டியபின் யானுஸை அடைத்தார்" என்கிறது மேலெழுத்து. அந்த வரியைப் படிக்கத் தெரியாதவருக்கும் அடைத்த கதவு என்றால் என்னவென்று தெரியும். காய்கறிக் கூடைக்குப் பக்கத்தில் வைத்து எண்ணிக் கொடுக்கும் காசில், கிழக்கு எல்லைப் பகைவரான பார்த்தியரோடு ஏற்பட்ட சமாதானத்தை இவ்வளவு சுருக்கமாகச் சொன்னது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

டைட்டஸ் கி.பி. 80, 81 ஆண்டுகளில் அடித்த காசில் புதிதாகக் கட்டி முடித்த கொலோசியம் இருக்கிறது. அரங்கை மேலிருந்து சாய்வாகப் பார்ப்பது போலக் காட்டி, உள்ளே நிரம்பிய கூட்டத்தைப் புள்ளி புள்ளியாகக் குத்தியிருக்கிறார் செதுக்குநர்.

இனிமையான காட்சிகள் மட்டுமே இருந்தன என்று எண்ணிவிட வேண்டாம். கி.பி. 70இல் எருசலேம் அழிந்த பிறகு வெஸ்பாசியன் அடித்த காசுகளில் பேரீச்சை மரத்தடியில் ஒரு பெண் தலையைக் கையில் தாங்கி அழுதுகொண்டிருக்கிறாள். "யூதேயா பிடிபட்டது" என்று அதன்மேல் எழுதியிருக்கிறது. தோற்ற மக்களின் துயரமே வென்றவரின் அலங்காரமாக, ஊர் ஊராகக் கைமாறியது.

பல காசுகளில் பெரிதாகத் தெரியும் எஸ், சி என்ற இரண்டு எழுத்துகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். "செனட்டின் ஆணைப்படி" என்பதன் சுருக்கம் அது. செம்பு, பித்தளைக் காசுகள் செனட்டின் பொறுப்பில் இருந்தன என்பதையே அது காட்டுகிறது என்று சிலரும், அகஸ்டஸுக்குச் செனட் அளித்த சிறப்புகளைக் குறிக்கத் தொடங்கி வழக்கமாக நிலைத்தது என்று சிலரும் கூறுவர்.

கேள்வி: வெறுக்கப்பட்ட பேரரசரின் முகம் உள்ள காசை மக்கள் என்ன செய்தார்கள்?
(வாசகி, கோயம்புத்தூர்)

பெரும்பாலும் செலவழித்தார்கள். ஆனால் அரசே தலையிட்ட நேரங்களும் உண்டு. கலிகுலா கொல்லப்பட்ட பின், அவர் உருவம் தாங்கிய வெண்கலக் காசுகளை உருக்கிவிடும்படி செனட் ஆணையிட்டதாக வரலாற்றாசிரியர் காசியஸ் தியோ எழுதியிருக்கிறார். டைபீரியஸ் காலத்தில் அதிகாரத்தின் உச்சியிலிருந்து வீழ்ந்த செயானஸின் பெயர், இஸ்பானியாவின் பில்பிலிஸ் ஊர் அடித்த காசில் இடம்பெற்றிருந்தது; அந்தக் காசுகள் சிலவற்றில் அவர் பெயரை மட்டும் சுரண்டி எடுத்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் விட மனத்தை உலுக்குபவை சிறிய ஆசியாவின் ஸ்ட்ரட்டோனிகேயா நகரக் காசுகள். கராகல்லா, கேட்டா என்ற பேரரசர்களான உடன்பிறந்தார் இருவரும் ஒருவரையொருவர் நோக்கியிருக்குமாறு அவற்றை அடித்திருந்தார்கள். கி.பி. 211இல் கராகல்லா தம்பியைக் கொல்வித்து அவன் பெயரையே அழிக்க ஆணையிட்டபின், அந்நகரத்தார் காசுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தம்பியின் முகத்தைச் செதுக்கி நீக்கினார்கள். அண்ணன் முகத்துக்கு எதிரே வெறும் பள்ளம் உள்ள அந்தக் காசுகள் இன்றும் கிடைக்கின்றன.

யூதேயாவின் மக்களும் ஒரு மறுமொழி சொன்னார்கள். கி.பி. 132இல் தொடங்கிய பார் கோக்பா கிளர்ச்சியின்போது, புழக்கத்தில் இருந்த ரோமானியக் காசுகளையே எடுத்து, அவற்றின் மேல் பேரீச்சை மரம், திராட்சைக் குலை, எருசலேம் கோவிலின் முகப்பு ஆகிய தங்கள் உருவங்களை மீண்டும் அடித்தார்கள். சில காசுகளில் அடியிலிருந்த பேரரசர் முகத்தின் விளிம்பு இன்றும் மங்கலாகத் தெரிகிறது.

கேள்வி: இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் கிடைக்கும் ரோமானியச் செம்புக் காசுகள் மிகச் சிறியவையாக இருப்பது ஏன்? சங்க காலத்து மிளகு வணிகத்தில் வந்தவையா?
(வாசகர், யாழ்ப்பாணம்)

இரண்டு காலங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். "யவனர் தந்த வினைமாண் நன்கலம் பொன்னொடு வந்து கறியொடு பெயரும்" என்று அகநானூறு பாடும் முதற்கால வணிகத்தில் நம் கரைக்கு வந்தவை பெரும்பாலும் பொன்னும் வெள்ளியும். அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்து டெனாரியஸ் காசுகள் அவற்றுள் மிகுதி. மேலே நான் வருணித்த பெரிய செஸ்டெர்டியஸ் போன்றவை இங்கே அரிது. எடை மிகுந்து மதிப்புக் குறைந்த காசைக் கடல் கடந்து சுமந்து வர வணிகருக்குக் காரணம் இல்லை.

நீங்கள் குறிப்பிடும் சிறு செம்புக் காசுகள் நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. கரூரின் அமராவதி, மதுரையின் வைகை, திருக்கோவிலூரின் தென்பெண்ணை ஆகிய ஆற்றுப்படுகைகளில் இவை கிடைத்துள்ளன. இலங்கையிலோ ஆயிரக்கணக்கில் கிடைத்துள்ளன. அதற்குள் ரோமானிய நாணயமுறையே மாறிவிட்டிருந்தது. மூன்றாம் நூற்றாண்டின் விலையேற்றத்தில் செஸ்டெர்டியஸ் மறைந்தது. டயோக்ளீசியன் 294ஆம் ஆண்டையொட்டி வெளியிட்ட, சிறிதளவு வெள்ளி கலந்த ஏறத்தாழ 10 கிராம் காசும் ஒரு தலைமுறைக்குள் தேய்ந்து குறுகியது. கி.பி. 348இல் "நற்காலம் மீண்டது" என்ற மேலெழுத்துடன் வந்த புதிய காசில், குதிரையோடு வீழ்ந்த பகைவனை ஒரு வீரன் ஈட்டியால் குத்துகிறான். வீழ்ந்தவன் திரும்பிக் கையை உயர்த்துகிறான். நற்காலம் என்று எழுதிய அந்தக் காசே சில ஆண்டுகளில் பாதி எடையாகிவிட்டது.

முகமும் மாறியது. நீரோவையும் வெஸ்பாசியனையும் தனித்து அறிவது போல, இந்தக் காசுகளில் கான்ஸ்டன்டியஸையும் தியோடோசியஸையும் சாயலால் அறிய முடியாது. முத்துப் பட்டம் கட்டிய, மழித்த, அசைவற்ற ஒரே முகம் எல்லாக் காசிலும் இருக்கிறது. மேலெழுத்து தேய்ந்துபோனால் அவர் யார் என்று சொல்வது பெரும்பாடு.

நம் பகுதியில் கிடைப்பவை இன்னும் கூடுதலாகத் தேய்ந்திருக்கின்றன. அவை நம் சந்தைகளில் சில்லறையாகவே நெடுங்காலம் புழங்கின என்பதற்கு அந்தத் தேய்மானமே சான்று. இலங்கையில் சில்லறைத் தேவை அவ்வளவு இருந்ததால், இந்த ரோமானியக் காசுகளைப் பார்த்து உள்ளூரிலேயே போலச் செய்த காசுகளும் வழங்கின. அவற்றில் எழுத்து வெறும் கோடுகளாகவும் பேரரசர் தலை சில வளைவுகளாகவும் சுருங்கிவிட்டன. இங்கே அந்த முகத்துக்கு அரசியல் பொருள் எதுவும் இருந்திருக்காது. காசு என்றால் அதில் ஒரு தலை இருக்க வேண்டும் என்பதே போதுமானதாக இருந்திருக்கும்.

கேள்வி: பல ஆண்டுகளுக்கு முன் அமராவதி ஆற்று மணலில் எடுத்ததாக என் தாத்தா வைத்திருந்த சிறிய காசு ஒன்று எங்கள் வீட்டில் உள்ளது. சுண்டுவிரல் நகத்தளவு இருக்கும். ஒரு பக்கம் தலை. மறுபக்கம் நடந்து செல்லும் ஒருவர் எதையோ இழுத்துச் செல்வது போலவும், இடப்பக்கம் சிலுவை போன்ற குறியும் தெரிகின்றன. புளி போட்டுத் துலக்கினால் தெளிவாகுமா?
(வாசகர், கரூர்)

புளியைத் தொடவே வேண்டாம். குத்துவிளக்கைத் துலக்கும் புளி, ஆயிரத்து அறுநூறு ஆண்டுக் களிம்பையும் அரித்துவிடும். உங்கள் காசின் எழுத்தும் உருவமும் இப்போது அந்தக் களிம்புப் படலத்தில்தான் இருக்கின்றன. அடியில் உள்ள செம்பில் அல்ல. அது போனால் வழவழப்பான செம்பு வில்லை மட்டுமே மிஞ்சும். எலுமிச்சை, உப்பு, கம்பி நார் எதுவும் கூடாது. காய்ந்த மென்மையான தூரிகையால் மண்ணை மட்டும் தட்டிவிடுங்கள். வெளிர்பச்சைப் பொடி உதிர்கிறதா என்று பாருங்கள். உதிர்ந்தால் ஈரத்தில் செம்பு அரிக்கப்படுகிறது என்று பொருள். மற்றக் காசுகளிலிருந்து விலக்கி ஈரம் படாத இடத்தில் வைத்து, அரசு அருங்காட்சியகத்தில் காட்டுங்கள். இனி ஆற்றிலோ நிலத்திலோ புதையலாகக் காசு கிடைத்தால், 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

உங்கள் வருணனையைப் படித்ததும் எனக்கு மகிழ்ச்சி தாளவில்லை. நடந்து செல்பவர் இறக்கையுள்ள வெற்றித் தேவதை. தோளில் வெற்றிச் சின்னத்தைச் சுமந்தபடி, கைதி ஒருவனை மயிரைப் பிடித்து இழுத்துச் செல்கிறாள். சிலுவை போன்ற குறி, கிறிஸ்து என்ற பெயரின் முதல் இரண்டு கிரேக்க எழுத்துகளின் பிணைப்பு. கான்ஸ்டன்டைன் காலத்துக்குப் பின் பேரரசின் அடையாளமாகிவிட்ட அந்தக் குறியும் பழைய ரோமானியத் தேவதையும் கைதியும் ஒரே சிறு வட்டத்துக்குள் நிற்கிறார்கள். சுற்றிலும் "நாட்டின் நலம்" என்ற பொருளில் மேலெழுத்து இருந்திருக்கும். இந்த வகையை 388ஆம் ஆண்டிலிருந்து ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை அடித்தார்கள். ஆகவே தலைப்பக்கத்தில் இருப்பவர் இரண்டாம் வாலன்டினியன், தியோடோசியஸ், அவருடைய மைந்தர்களான அர்காடியஸ், ஹொனோரியஸ் ஆகிய நால்வருள் ஒருவராக இருக்க வேண்டும்.

தேவதையின் காலடியில் ஒரு கோடும் அதன் கீழே சில எழுத்துகளும் இருக்கும். காசு எந்த ஊரில் பிறந்தது என்பதைச் சொல்பவை அவையே. காலை வெயில் பக்கவாட்டில் விழுமாறு காசைச் சன்னல் ஓரத்தில் சாய்த்துப் பிடித்து, உருப்பெருக்கிக் கண்ணாடியால் அந்த இடத்தைப் பாருங்கள். ஏ, என், டி என்று தெரிந்தால் அந்தியோக்கியா. ஏ, எல், இ என்றால் அலெக்சாந்திரியா. சி, ஓ, என் என்று தொடங்கினால் கான்ஸ்டாண்டிநோபிள். நகைக்கடைத் தராசில் எடையும் பார்த்து, தெரிந்த எழுத்துகளைத் தெரிந்தபடியே வரைந்து அனுப்புங்கள். அடுத்த இதழில் இந்த இடத்திலேயே உங்கள் காசின் ஊரைச் சொல்கிறேன்.